பூஜ்யம் காட்டிய மீட்டர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதில் பாதி பொன்னாடை போர்த்துவதிலும், போட்டோ சரியாக விழவில்லை என்று அதைக் கழற்றி மறுபடி போர்த்துவதிலும் போனது. அப்புறம் என்னைப் பற்றிய அறிமுகம். நான் செய்யாத சில சாதனைகளும் அதில் இருந்தன. மறுக்க மனம் வரவில்லை. கடைசியில் நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் எழுந்து, அணுமின்சாரம் பாதுகாப்பானதா இல்லையா, தொடரலாமா கூடாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் போண்டா வந்துவிட்டது.

அதனால் எழுதுகிறேன். ஒரே வார்த்தையில் வராது.

உங்களில் பாதிப் பேர் அணுமின் நிலையங்களுக்குப் போகிறீர்கள். மீதிப் பேர் என்னைப் போல நிலக்கரி எரிக்கும் இடத்தில் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி ஆகப் போகிறீர்கள். இரண்டாவது வேலை எப்படிப்பட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெய்வேலியில் நான் பணி செய்த காலம் முழுக்க என்னிடம் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இங்க எதுக்குங்க நீங்க?" என்பதுதான். கொதிகலனில் இரண்டு குழாய்களை ஒட்டி வெல்டு வைத்தால், உள்ளே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்க வேண்டும். அதற்குக் கதிரியக்கம் உள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு பயன்படும். மிளகு அளவுதான் இருக்கும். அதை நாங்கள் சோர்ஸ் என்போம். அது குடியிருக்கும் கனமான பெட்டிக்குப் பெயர் கேமரா. படம் எடுக்கும்போது சோர்ஸ் ஒரு குழாய் வழியாக வெளியே போகும், எடுத்து முடிந்ததும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டதா என்று பார்க்கும் வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். டவுன்ஷிப்பில் என் பெயர் அணுகுண்டு மேடம். காய்கறிக்காரர் வரைக்கும் அந்தப் பெயர் போயிருந்தது.

நான் சொல்லப் போவது ஜப்பானில் கடல் பொங்கி அணு உலைகள் கெட்டுப் போனதற்கு அடுத்த வருடம் நடந்தது. தெற்கே கடலோரத்தில் மீனவர்கள் அணு உலை வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எந்த டீக்கடையிலும் இதே பேச்சு. எங்கள் கிளப்பில் பட்டிமன்றம் வைத்தார்கள்: அணுமின்சாரம் தொடரலாமா, மூடலாமா.

மூடலாம் அணிக்குத் தலைவர் எங்கள் நிலையத்தின் ஜி.எம். அனலில் நின்று நின்று முகம் கறுத்தவர், குரல் டர்பைன் சத்தத்தையும் மிஞ்சும். தொடரலாம் அணிக்குத் தலைவர் கெமிஸ்ட்ரி பிரிவின் தலைமை அதிகாரி. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அணுவைப் பற்றிப் படிக்காத புத்தகம் கிடையாது. நடுவர் நான். அணுகுண்டு மேடத்தை விட்டால் வேறு யார்.

ஜி.எம். பேசியது இன்னும் காதில் இருக்கிறது. நம் நெருப்பு கண்ணுக்குத் தெரியும், சுட்டால் கையை எடுத்துவிடலாம் என்றார். "அது அப்படி இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாது. மணக்காது. தொட்டா சுடாது. வந்து நின்னுடுச்சுன்னு தெரியறதுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கும். அதை வெச்சுக்கிட்டு நான் கட்டுப்படுத்தறேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்." கழிவை எத்தனை தலைமுறை காவல் காக்கப் போகிறீர்கள், ஒரு மாவட்டத்தையே காலி செய்யச் சொன்னால் எந்த மாவட்டம் இடம் கொடுக்கும் என்று கேட்டார். நல்ல கேள்விகள்.

கெமிஸ்ட்ரிக்காரர் எழுந்து, மேஜைமேல் ஒரு டம்ளர் சாம்பலை வைத்தார். நம் புகைபோக்கியின் சாம்பல். என்னுடைய கதிர்வீச்சு மீட்டர் ஒன்றை, ஜி.எம்மிடமே கையெழுத்து வாங்கி இரவல் எடுத்து வந்திருந்தார். டம்ளர் பக்கத்தில் அதை வைத்ததும் டிக் டிக் சத்தம் கொஞ்சம் கூடியது. பூமிக்கடியில் இருந்து எடுக்கிற எல்லாவற்றிலும் துளி யுரேனியம் உண்டு, இதைத்தான் தினமும் காயப்போட்ட வேட்டியில் இருந்து உதறுகிறீர்கள் என்றார். கரிப்புகை ஆட்களைச் சத்தமில்லாமல் கொல்கிறது, அது பேப்பரில் வராது, உலை கெட்டால் மட்டும் முதல் பக்கம் என்றார். அதுவும் நல்ல பேச்சு. முன்வரிசையில் இருந்தவர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள்.

நடுவர் என்ன தீர்ப்பு சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கூடுதல் கைதட்டல் வாங்கிய கெமிஸ்ட்ரிக்காரருக்குக் கேடயத்தைக் கொடுத்தேன். அவர் கேடயத்தோடு என் மீட்டரையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த ஒரு யூனிட்டின் பராமரிப்பு வேலை முடியும் தறுவாயில் இருந்தது. சாயங்காலம் கொதிகலனைப் பற்றவைத்தாக வேண்டும். ப்ளஸ் டூ பரீட்சை நேரம். பிள்ளைகள் மெழுகுவத்தியில் படிக்கிறார்கள் என்று டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். சென்னையில் இருந்து ஜி.எம்முக்குப் போன்மேல் போன். பாக்கி இருந்தது கடைசி வெல்டுகளின் படம் மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே இறங்கும் நேரத்தில் அதை முடித்துவிடுவது என்று ஏற்பாடு.

படம் எடுக்க வந்தது வெளியூர் கான்ட்ராக்ட் கம்பெனி. அதில் வேலை செய்த செல்வம் குள்ளஞ்சாவடிக்காரன். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். வேலை சுத்தம், பேச்சு குறைவு. என்னுடைய இன்னொரு மீட்டர் பரிசோதனைக்கு வெளியூர் போயிருந்ததால், அன்று அங்கே இருந்தது செல்வத்தின் கம்பெனி மீட்டர் ஒன்றுதான். கொதிகலனின் மேல்தளத்தில் கயிறு கட்டி, சிவப்புப் பலகை தொங்கவிட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் அவனும் நின்றோம்.

கடைசிப் படம் முடிந்தது. செல்வம் கைப்பிடியைச் சுற்றி, சோர்ஸ் மாட்டிய கம்பியை உள்ளே இழுத்தான். கைப்பிடி லேசாகச் சுற்றி முடிவில் போய் நின்றது. எல்லாம் சரியாக இருந்தால் எப்படி நிற்குமோ அப்படித்தான். மீட்டரை நீட்டிப் பிடித்தபடி கயிற்றைத் தாண்டி உள்ளே போனான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் முள் ஏறுகிறது என்றான். இன்னும் நாலு எட்டு வைத்தான்.

"ஜீரோ வந்துடுச்சுங்க மேடம். உள்ள போயிடுச்சு."

"கேமரா பக்கத்துலயா நிக்கற?"

"ஆமாங்க. கிட்டதான் நின்னுகினு இருக்கேன். ஜீரோங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கேமரா எவ்வளவு கனமானதாக இருந்தாலும், சோர்ஸ் உள்ளே படுத்திருக்கும்போது பக்கத்தில் மீட்டரை வைத்தால் முள் கொஞ்சமாவது அசையும். எப்போதும் அசையும். அசையாமல் பூஜ்யத்தில் நின்றால் இரண்டில் ஒன்று. மீட்டர் செத்திருக்க வேண்டும். அல்லது எண்ண முடியாத அளவு கதிர்வீச்சில் மூழ்கித் திக்குமுக்காடி இருக்க வேண்டும். அந்த வகை மீட்டர்களுக்கு இந்தக் கெட்ட குணம் உண்டு. கொஞ்சம் இருந்தால் கத்தும், மிதமிஞ்சி இருந்தால் வாயை மூடிக்கொள்ளும். சில மனிதர்களும் அப்படித்தான்.

"செல்வம், எதையும் தொடாத. வெளிய வா. ஓடி வா."

என் குரல் எப்படி இருந்ததோ, அவன் காரணம் கேட்கவில்லை. ஓடி வந்தான். வரும் வேகத்தில் சாரத்துக் குழாயில் மீட்டர் இடித்துத் தெறித்து, மூன்று தளம் கீழே போய் விழுந்தது. ஆக, அங்கே இருந்த ஒரே மீட்டரும் போனது.

கீழே இறங்கி எல்லாத் தளத்தையும் காலி செய்யச் சொன்னேன். வெல்டர்களின் மேஸ்திரி சலீம் பாய் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே வந்தார். அவருடைய ஆட்கள் சாப்பிட்டதும் மேலே ஏறி சாரத்தைப் பிரிக்க வேண்டும். நான் சோர்ஸ் வெளியே இருக்கலாம் என்றேன். இருக்கலாமா, இருக்கா என்று கேட்டார். தெரியாது பாய் என்றேன். அவர் தன் ஆட்களைக் கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, தான் ஏணி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை என்பதை இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன்.

செய்தி பரவியது. டவுன்ஷிப்பில் செய்திக்கு ஷிப்ட் கிடையாது. அன்று டூட்டியில் இருந்த கெமிஸ்ட்ரிக்காரர் ஆய்வகத்தில் இருந்து வெளியே வந்தார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலில் கிளம்பிக்கொண்டிருந்த கம்பெனி பஸ்ஸைப் பார்த்தார். கிளப்பில் அணுவின் நெருங்கிய உறவினர் போலப் பேசிய மனிதர் அந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஏறியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். போன் போட்டால் அணைத்து வைத்திருந்தார்.

எதிர்த்திசையில் இருந்து ஜி.எம். வந்தார். கீழே நிற்காமல் நேராக மேல்தளத்துக்கு ஏறினார். நான் பின்னால் ஓடினேன். நடந்ததைக் கேட்டார். கைப்பிடி முடிவுவரை சுற்றியதா என்றார். சுற்றியது என்றேன். மீட்டர் என்ன காட்டியது என்றார். பூஜ்யம் என்றேன்.

"கைப்பிடி உள்ள போயிடுச்சுங்குது. மீட்டர் ஒண்ணும் இல்லைங்குது. நீங்க மட்டும் இருக்குங்கறீங்க. நான் யாரை நம்பறது?"

"இருக்குன்னு சொல்லலை சார். இல்லைன்னு சொல்ல முடியலை."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. எந்த மேலதிகாரிக்கும் பிடிக்காது. சாயங்காலம் யூனிட் வரும் என்று சென்னைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஊரே இருட்டில் கிடக்கிறது, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் கஷ்டம். சினிமாவில் வருவது போல மேலதிகாரி வில்லனாக இருந்தால் எதிர்த்து நிற்பது சுலபம். இவர் சொன்ன பிள்ளைகளில் என் அக்கா மகளும் ஒருத்தி.

"நானே போய் பார்க்கறேன்" என்று சொல்லிக் கயிற்றைக் கையால் தூக்கினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். அந்த நேரத்தில் பாதுகாப்பு விதிகள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பட்டிமன்றம்தான் வந்தது.

"கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தொட்டா சுடாதுன்னு போன ஞாயித்துக்கிழமை சொன்னீங்க சார். உள்ள போய் எதை வெச்சுப் பார்ப்பீங்க?"

கயிறு அவர் கையில் அப்படியே இருந்தது. என்னையும் பார்க்கவில்லை, உள்ளேயும் பார்க்கவில்லை. ஒருவர் தன் பேச்சைத் தானே கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு கயிற்றை மெதுவாக இறக்கினார்.

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"தெரியலை சார்."

போனை எடுத்து சென்னைக்குப் பேசினார். இன்று யூனிட் வராது என்றார். யார் நிறுத்தினார்கள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "நான்தான் நிறுத்தியிருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற என் பெயரைச் சொல்லவில்லை.

இனி மீட்டர் வேண்டும். கெமிஸ்ட்ரிக்காரரின் குவார்ட்டர்ஸ் இன்டர்காமில் அவர் மனைவி வசந்தி எடுத்தார். இவர் தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார், என்ன விஷயம் என்றார். சொன்னேன். மீட்டர் ஷோகேசில் கேடயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நானே கொண்டு வருகிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கேட்டுக்கு வந்து நின்றார். பாஸ் இல்லை என்று செக்யூரிட்டிக்காரர் மறித்தார். வசந்தி மீட்டரைப் போட்டு டிக் டிக் சத்தத்தைக் காட்டி, உள்ளே விடாவிட்டால் இங்கேயே வைத்துவிட்டுப் போவேன் என்று சொல்லியிருக்கிறார். அது சும்மா இருந்தாலும் டிக் டிக் என்றுதான் இருக்கும். அது அந்தச் செக்யூரிட்டிக்காரருக்குத் தெரியாது. அவரே மீட்டரைக் கைநீட்டி வாங்கி, சைக்கிளில் பறந்து வந்து என்னிடம் சேர்த்தார்.

பிறகு போனில் நன்றி சொன்னபோது வசந்தி என்னிடம் கேட்டார்: "இவ்ளோ பாதுகாப்பான விஷயத்துக்கு இவர் ஏன் மேடம் செருப்பைக்கூட மாத்திப் போட்டுக்கிட்டு வந்தாரு?"

அந்த மீட்டர் நல்ல ரகம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டியதுமே முள் எழுந்தது. ஒரு அடி முன்னால் வைத்தால் இன்னும் எழுந்தது. அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜி.எம். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இறங்கிப் போய் சலீம் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். கம்பியின் நுனியில் இருந்த இணைப்பு விட்டுப்போய், கம்பி மட்டும் திரும்பி வந்திருக்கிறது. சோர்ஸ் குழாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்து சலீம் பாயின் ஆட்கள் அந்தச் சாரத்தில்தான் உட்கார்ந்து வேலை செய்திருப்பார்கள். சோர்ஸைத் தகுந்த ஆட்கள் வந்து, ஈயம் போட்டு மூடி, நீண்ட இடுக்கியால் எடுத்து அடைத்த கதை உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். நான் சொல்ல வேண்டியதில்லை. யூனிட் மறுநாள்தான் வந்தது. ஜி.எம்முக்கு அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். எங்களுக்குத் தெரியும்.

இதனால் அவர் அணுவின் ரசிகர் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பார்த்தீர்களா, மிளகளவு சோர்ஸே இந்தப் பாடு படுத்தினால் உலை என்ன செய்யும் என்று ஓய்வு பெறும்வரை பேசினார். கெமிஸ்ட்ரிக்காரரும் மாறவில்லை. ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பார்த்தீர்களா எவ்வளவு பாதுகாப்பு என்று அதே சம்பவத்தை வைத்துப் பேசினார். பேச்சில் அணுவுக்குப் பயந்தவர் கயிற்றைத் தூக்கினார், பயமில்லாதவர் பஸ் ஏறினார். அன்றில் இருந்து கருத்துக்கணிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வராத ஒன்றும் நடந்தது. இரண்டொரு நாளில் செல்வத்தின் அம்மா என் வீட்டுக்கு வந்தார். குள்ளஞ்சாவடியில் இருந்து பஸ் பிடித்து, பிளாக் பிளாக்காக விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். முந்திரிக்காட்டுக் கூலி வேலை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம் புள்ள நடு ரூம்புல உக்காந்துகினு பேச மாட்டறான்ங்க. அவனுக்கு நாளைக்கு கொழந்த குட்டி பொறக்குமா? மறைக்காம சொல்லுங்க."

அவன் உள்ளே நின்ற நேரம் மிகக் கொஞ்சம், உடம்பில் பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்யும் அவன் பேட்ஜைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், என் கணக்குப்படி பயப்பட ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்க புள்ளைய இந்த வேலைக்கு அனுப்புவீங்களா?"

யோசித்தேன். அனுப்புவேன் என்று உடனே சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். மாட்டேன் என்றால் அது பொய்.

"மேல இருக்கற ஆபீசர் யாரு, ஒருத்தர் நிறுத்துன்னா நிறுத்துவாரான்னு விசாரிச்சுட்டு அனுப்புவேம்மா."

"எங்கள மாதிரி ஆளு போயி அத விசாரிக்க முடியுமாங்க?"

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். சில வாரங்களில் பேட்ஜின் முடிவு வந்தது. வரம்புக்குள்தான் இருந்தது. நானே குள்ளஞ்சாவடிக்குப் போய்ச் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் என்னை உட்காரவைத்து முந்திரிப்பருப்பு வறுத்துக் கொடுத்தார். நம்பினாரா என்று கேட்டால், பாதி.

அந்த நீலச் சுடிதார் பெண் கேட்டதற்கு வருகிறேன். என் கருத்து, தொடரலாம். கரிக்குப் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்தவள் சொல்கிறேன். எங்கள் சாம்பலும் புகையும் யாரையும் ஒரே நாளில் ஓடவைப்பதில்லை, அதனாலேயே அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நன்றாக நடத்தப்படும் ஓர் உலை எங்கள் புகைபோக்கியைவிடக் குறைவாகத்தான் கெடுக்கும். ஆனால் "நன்றாக நடத்தப்படும்" என்பதைக் கட்டடத்தோடு சேர்த்து யாரும் வாங்கி வர முடியாது. எத்தனை அடுக்குச் சுவர், எத்தனை பம்பு என்று பிரசுரத்தில் படம் போடலாம். தெரியவில்லை என்று கீழே இருப்பவர் சொல்லும்போது மேலே இருப்பவர் கயிற்றை இறக்குவாரா என்பதற்குப் படம் கிடையாது. கூலிக்கு வேலை செய்யும் ஓர் அம்மா அதை வெளியில் இருந்து விசாரிக்கவும் முடியாது. அதனால் பாதுகாப்பானது என்று மேடையில் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. இன்றைக்குப் பாதுகாப்பாக வைத்திருந்தோம் என்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

செல்வம் அந்தக் கான்ட்ராக்ட் வேலையை விட்டான். ஆனால் தொழிலை விடவில்லை. பரீட்சை எழுதி ஓர் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு கண்காணிப்புப் பிரிவில் பர்மனென்ட் ஆகிவிட்டான். கல்யாணம் ஆகி ஒரு பெண், ஒரு பையன். போன மாதம் ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தான். ஓர் அறைக்குள் ஆட்கள் போக வேண்டிய வேலையை நிறுத்தி வைத்திருக்கிறானாம். அளவுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, இருந்தாலும் ஒரு எண் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறது, ஏன் என்று புரியவில்லை என்றான். அவனுடைய அதிகாரி கத்திவிட்டுப் போயிருக்கிறார், திரும்பி வருவார்.

"என்னா செய்யறதுன்னு தெரியலைங்க மேடம்."

"சாப்பிட்டியா?"

"இல்லீங்க."

"சாப்பிட்டுட்டுப் போய் மறுபடி அங்கயே நில்லு."

சாயங்காலம் மறுபடி பேசினான். அந்த எண் ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்தார்களாம். ஒரு வால்வு தவறாக மூடியிருந்தது, பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அதிகாரி வந்து மன்னிப்பு எதுவும் கேட்கவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அந்த உலை பாதுகாப்பானதா என்று கேட்டால், அன்றைக்கு இருந்தது. நாளைக்கு இருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். நாளைக்கு அங்கே டூட்டிக்குப் போகப் போவது நீங்கள்.